எடை மேடையில ரெண்டு பேரு

ஞாயிறு ராத்திரி, பஸ் ஸ்டாண்டு

ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன்னு சொன்னதுமே எல்லாரும் கேட்டது ஒண்ணுதான், எங்க போறீங்க, மலையா கடலான்னு. ரெண்டும் இல்ல. என் வீட்டுக்காரர் எடை மேடை சர்வீஸ் பண்றவரு, வேபிரிட்ஜ்னு சொல்வாங்கல்ல, லாரிய லோடோட அப்படியே மேல ஏத்தி எடை போடுவாங்களே அது. மாசத்துல பாதி நாள் பையத் தூக்கிட்டு கிளம்பிடுவாரு. இந்த தடவ அவர் போற ரவுண்டு முழுக்க கூடவே போறேன். குவாரி, குடோன், பழைய இரும்பு யார்டு, நடுவுல லாட்ஜும் பஸ்ஸும், அவ்வளவுதான் ஊர் சுத்துறது. அங்க போய் என்னக்கா பாக்கப்போறன்னு தங்கச்சி கேட்டா. இவரப் பாக்கப்போறேன்னு சொன்னேன், அவ நம்பல.

நிஜமாவே அதுக்குத்தான் போறேன். நல்ல அழகான இடத்துக்குப் போனா அந்த இடத்தப் பாக்கணும், போட்டோ எடுக்கணும், வெயில் இறங்குறதுக்குள்ள இன்னொரு வியூ பாயிண்டுக்கு ஓடணும், கூட வந்த ஆளு போட்டோவுல ஒரு ஓரமா நின்னுட்டிருப்பாரு. பஸ் ஸ்டாண்டுல அந்தத் தொந்தரவே இல்ல. பாக்க ஒண்ணும் கிடையாது, அதனால பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளத்தான் பாக்கணும்.

பஸ்ஸு லேட்டு. இங்க இன்னும் அந்தக் காலத்து மஞ்ச சோடியம் விளக்குதான் எரியுது, என் நீல சால்வைய இந்த வெளிச்சத்துல பாத்தா அழுக்கு சாம்பல் கலர்ல இருக்கு. ஏன் இப்படி தெரியுதுன்னு சும்மாதான் கேட்டேன், அரை மணி நேரம் சொன்னாரு. சோடியம் ஆவி எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரே ஒரு மஞ்சதான் வெளிய வருமாம், 589 நானோமீட்டர், அதுல நீலமே கிடையாது, அப்போ நீலத் துணிக்கு திருப்பி அனுப்ப என்ன இருக்குன்னாரு. படிக்கிற காலத்துல லேப்புல இந்த மஞ்ச வெளிச்சத்துல உக்காந்து கண்ணாடி பட்டகத்த சுத்தி சுத்தி அளந்தது அவருக்குப் பிடிச்ச வேலையாம், வாத்தியார் போன பிறகும் தனியா இருந்து அளந்திருக்காரு. இவ்வளவு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன், இது எனக்குத் தெரியாது. வீட்ல எங்க நேரம், ஒருத்தர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இன்னொருத்தர் கிளம்பணும். பஸ் லேட்டாகலன்னா தெரிஞ்சே இருக்காது.

திங்கள், குவாரி பக்கத்து எடை மேடை

இன்னிக்கு நடந்தத கொஞ்சம் விரிவா எழுதணும், பொறுமையா படிங்க.

காலைல போனப்பவே ஊரெல்லாம் வெள்ளப் புழுதி, ஜல்லி லாரிங்க வரிசையா நிக்குது, ஒரு சின்ன தகர ரூம், அதுக்கு முன்னாடி 60 டன் மேடை. பாக்க ஒரு பெரிய இரும்புப் பலகை தரையில கிடக்குற மாதிரிதான் இருக்கு. ஆனா அதுக்கு அடியில குனிஞ்சு பாத்தீங்கன்னா முழங்கை நீளத்துக்கு உருளையா ஸ்டீல் துண்டு நிக்கும், மூலைக்கு ஒண்ணு, நடுவுல இருக்கிறதும் சேத்து இங்க எட்டு. அதுக்குப் பேரு லோடு செல். உள்ள மயிரிழை மாதிரி கம்பி வளைவு ஒட்டியிருக்கும், மேல லாரி ஏறினா ஸ்டீல் கண்ணுக்கே தெரியாத அளவு நசுங்கும், கூடவே அந்தக் கம்பியும் சில இடத்துல சுருங்கும், சில இடத்துல நீளும், அதோட மின்தடை துளி மாறும், அந்த துளிய அளந்துதான் டன் கணக்குல நம்பர் காட்டுது. அந்த துளிய அளக்குற சர்க்யூட்ட 1833-லயே சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டின்னு ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டாரு, பத்து வருஷம் கழிச்சு 1843-ல வீட்ஸ்டன் அத எல்லாருக்கும் தெரியவச்சதால வீட்ஸ்டன் பிரிட்ஜ்னு பேர் நின்னுபோச்சு. இவருக்கு அதுல ஒரு வருத்தம் உண்டு, கிறிஸ்டி பேர மறக்காம ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு. இந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எல்லா மூலையும் ஒரே மாதிரி எடை காட்டணும். 20 கிலோ எடைக்கல்லா அடுக்கி முதல்ல ஒரு மூலை, அப்புறம் அடுத்த மூலைன்னு நகத்தி நகத்தி பாப்பாங்க. நான் ரூமுக்குள்ள ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து நம்பர கத்தி சொன்னேன், இவர் வெளிய இருந்து கை காட்டினாரு, எல்லா லோடு செல்லோட வயரும் வந்து சேர்ற ஜங்ஷன் பாக்ஸ திறந்து ஸ்க்ரூவ திருகினாரு, திரும்ப நான் கத்தினேன். வெயில் ஏற ஏற எனக்கு ஒரு உற்சாகம். எதிர் எதிர்ல நின்னுட்டு ஒரு நம்பருக்காக ரெண்டு பேரும் காத்திட்டிருக்கிறது, அது சரியா வந்ததும் ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கும் முகம் மலர்றது, இத எந்த பீச்சுலயும் நான் அனுபவிச்சதில்ல.

மதியம் லாரி இல்லாத நேரம் வாடின்னு கூப்பிடுற மாதிரி கை காட்டி மேல ஏறச் சொன்னாரு. ஏறினேன். ஸ்கிரீன்ல 60. நான் இறங்கினதும் இவர் ஏறினாரு, 70. சரி ரெண்டு பேரும் சேந்து ஏறலாம்னு கைய பிடிச்சு ஏத்தி விட்டாரு, ரூம்ல இருந்த பையன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து 140-ன்னு கத்தினான்.

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. 60-ம் 70-ம் 130 தானே. இவர் சிரிச்சிட்டே விளக்கினாரு, இந்த மேடை 10 கிலோ 10 கிலோவாத்தான் எண்ணும், நடுவுல இருக்கிறத கிட்ட இருக்கிற பத்துக்கு தள்ளிடும். நான் 64, அதனால 60-ன்னு காட்டுச்சு. இவர் 73, அதனால 70. சேத்தா 137, அது 140-க்கு போயிடுச்சு. தனித்தனியா ஏறினப்போ ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் கணக்குல வராம விட்டுப்போனது சேந்து ஏறினப்போ கணக்குல வந்துடுச்சு. அதுக்கு மேல இன்னொண்ணும் சொன்னாரு. இந்த வகை மேடைக்கு குறைஞ்சபட்ச எடைன்னு ஒண்ணு உண்டாம், அது எண்ணுற ஒரு படியோட, அதாவது அந்த 10 கிலோவோட, 20 மடங்கு, இங்க 200 கிலோ, அதுக்குக் கீழ காட்டுற எதையும் வச்சு வியாபாரம் பண்ணக்கூடாது. அப்போ நாம ரெண்டு பேரும் சேந்தாலும் செல்லாதான்னு கேட்டேன். விக்கிறதுக்குத்தான் செல்லாதும்மா, நமக்கு எதுக்கு பில்லுன்னாரு.

அந்த மேடையிலயே கொஞ்ச நேரம் நின்னோம். அடுத்த லாரி ஹாரன் அடிச்சதும் இறங்கினோம்.

செவ்வாய், குடோன் வாசல்

சின்னதா எழுதுறேன், தூக்கம் வருது.

மத்தியானம் நல்ல மழை. மேடையில தண்ணி நிக்கும்போது எதுவும் பண்ண முடியாது, குடோன் ஷட்டருக்கு அடியில ஒதுங்கி நின்னோம், லாரி டிரைவருங்க, மூட்டை தூக்குறவங்க, நாங்க ரெண்டு பேரு. டீசல், ஈர சாக்கு, அதுக்கு நடுவுல மண் வாசன கிளம்பிச்சு. அந்த வாசனைய ஆராய்ச்சி பண்ணி 1964-ல நேச்சர் பத்திரிகைல எழுதினவங்க இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ்னு ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேரு, காஞ்ச காலத்துல கல்லும் மண்ணும் உறிஞ்சி வச்ச எண்ணெய் மாதிரி ஒரு பொருள் மழைல வெளிய வருதுன்னு சொன்னாங்க. மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் உண்டாக்குற ஜியோஸ்மினும் அதுல சேந்துக்கும். 2015-ல எம்ஐடில வேகமா படம் பிடிக்கிற கேமரா வச்சு பாத்தப்போ, மழைத்துளி விழுந்ததும் மண்ணோட துளைக்குள்ள மாட்டின காத்து குமிழியா மேல வந்து வெடிச்சு அந்த வாசனைய தூவுறது தெரிஞ்சிருக்கு. தோட்டத்து மண்ணு, குடோன் வாசல் மண்ணுன்னு அது பிரிச்சுப் பாக்காது. நான் இதெல்லாம் சொல்ல இவர் கேட்டுட்டே என் தலையில சொட்டுற இடத்துல கைய நீட்டி வச்சிருந்தாரு, மழை விடுற வரைக்கும்.

மழைக்கு அப்புறம் மேடையில சேறு. சேறு கொஞ்சம் கொஞ்சமா சேந்தா நம்பர் காட்டுற இண்டிகேட்டர் தானாவே அத பூஜ்யமா எடுத்துக்கும், ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு, அளவு தாண்டினா கழுவித்தான் ஆகணும். கழுவினோம். நான் ஓஸ் பைப்ப பிடிச்சேன்.

புதன், கிளினிக்

தகரம் கிழிச்சு இவருக்கு விரல்ல காயம். பெருசா ஒண்ணுமில்ல, டிடி ஊசி போடணும்னு டோக்கன் வாங்கிட்டு உக்காந்தோம். பச்ச பெயிண்ட் அடிச்ச சுவரு, பிளாஸ்டிக் சேரு, ஃபினாயில் நாத்தம், சத்தம் போடுற ஃபேனு. உலகத்துல காதலுக்கு சம்பந்தமே இல்லாத இடம்னு யார கேட்டாலும் இதத்தான் கை காட்டுவாங்க.

எங்களுக்கு எதிர்ல வயசான ஒரு ஜோடி. அந்த அம்மா அவர் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க. மருந்து கவுண்டர்ல அவங்க நம்பர கூப்பிட்டாங்க. அவர் எந்திரிச்சா அவங்க முழிச்சிடுவாங்க. உக்காந்த இடத்துலயே சீட்ட நீட்டி, பக்கத்துல இருந்த ஒரு காலேஜ் பையன கண்ணால கெஞ்சினாரு, அவன் போய் வாங்கிட்டு வந்து குடுத்தான், மாத்திரைய எப்படி போடணும்னு கவுண்டர்ல சொன்னதையும் காதுகிட்ட வந்து மெதுவா சொல்லிட்டுப் போனான். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. இவரும் அதையேதான் பாத்துட்டிருந்தாரு, நான் திரும்பினப்போ இவரும் என் பக்கம் திரும்பினாரு.

நான் தபால்ல சைக்காலஜி படிச்சவ, வேலைக்கு அது உதவல, ஆனா இந்த மாதிரி நேரத்துல ஞாபகம் வரும். ஜான் காட்மன்னு ஒருத்தர் வாஷிங்டன் யுனிவர்சிட்டில ஒரு ஃபிளாட்டையே லேப்பா மாத்தி, கல்யாணம் ஆன ஜோடிங்கள அங்க தங்க வச்சு சாதாரணமா இருக்க விட்டு கவனிச்சாரு. ஒருத்தர் ஜன்னல் வழியா பாத்துட்டு அங்க பாரேன்னு சொல்றாரு, இன்னொருத்தர் தலைய தூக்கிப் பாக்குறாங்களா இல்லையா, அதையும் அவர் எண்ணினாரு. ஆறு வருஷம் கழிச்சு பாத்தா சேந்தே இருந்த ஜோடிங்க அந்த மாதிரி கூப்பிட்டதுக்கு 86 சதவீதம் திரும்பிப் பாத்தவங்க, பிரிஞ்சு போனவங்க 33 சதவீதம். அந்த ஃபிளாட்டுல சோபா, டிவி, கிச்சன்னு வீட்ல இருக்கிறதுதான் இருந்துச்சு. படிக்கும்போது இத பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணேன், இன்னிக்குத்தான் உறைச்சது.

ஊசி போடும்போது இவர் என் கைய பிடிச்சிட்டாரு. ஊசின்னா பயம். அதுவும் எனக்கு தெரியாது.

வியாழன், ஜெராக்ஸ் கடை

மேடை எடைய சரியா காட்டுதுன்னு எழுதித் தர்ற கேலிபரேஷன் சர்டிபிகேட்ட மூணு காப்பி எடுக்கணும்னு இவர் சொன்னதும் நான் முந்திட்டு நடந்தேன். காரணம் இருக்கு. நாங்க முதல்ல பாத்துக்கிட்டதே ஜெராக்ஸ் கடையிலதான், நான் அங்க வேலைக்கு இருந்தேன், இவர் சர்டிபிகேட் காப்பி எடுக்க வருவாரு. மொத மாசம் பேச்சே கிடையாது, எத்தன காப்பி, ரெண்டு பக்கமுமா, அவ்வளவுதான். மெஷின்ல இருந்து வர்ற பேப்பர நான் நீட்டும்போது சூடா இருக்கும், குளிர் காலத்துல இவர் அத நெஞ்சோட வச்சு பிடிச்சிட்டு போவாரு, அதப் பாத்துத்தான் எனக்கு இவர் மேல ஒரு இது வந்துச்சு.

பேப்பர் ஏன் சூடா வருதுன்னா மை பொடியாத்தான் இருக்கும், மின்சார ஈர்ப்புல அது எழுத்து இருக்கிற இடத்துல மட்டும் ஒட்டும், சூடான உருளை அத உருக்கி காகிதத்துல பதிய வைக்கும். செஸ்டர் கார்ல்சன்னு ஒரு கம்பெனியோட பேட்டன்ட் பிரிவுல வேலை பாத்தவர்தான் இத கண்டுபிடிச்சது, நியூயார்க்ல அஸ்டோரியாங்கிற இடத்துல ஒரு வாடகை ரூம்ல, 1938 அக்டோபர் 22. உலகத்தோட முதல் ஜெராக்ஸ்ல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா, அந்த தேதியும் அந்த இடத்துப் பேரும், வேற ஒண்ணுமே இல்ல. இன்ன தேதி, இன்ன இடம். எனக்கு அத நினைக்கிறப்பெல்லாம் சிலிர்க்கும், யாரோ ஒருத்தரோட நான் இங்க இருந்தேன்னு எழுதி வச்ச மாதிரி, ஏன்னா கூட ஓட்டோ கோர்னைன்னு ஒரு உதவியாளர் மட்டும்தான் இருந்தாரு.

பாத்துப் பாத்தே பிடிச்சுப்போறதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. 1992-ல மோர்லேண்ட், பீச்னு ரெண்டு பேரு ஒரு காலேஜ் வகுப்புக்கு நாலு பொண்ணுங்கள அனுப்பினாங்க, ஒருத்தி ஒரு நாளும் போகல, ஒருத்தி 5 தடவ, ஒருத்தி 10, ஒருத்தி 15. யார்கிட்டயும் பேசக் கூடாது, வந்து உக்காந்துட்டுப் போகணும். கடைசில மாணவர்கள்கிட்ட போட்டோ காட்டி கேட்டப்போ அதிகமா வந்த பொண்ணுதான் அதிகமா பிடிச்சிருந்தா. அதே மாதிரி 1930-கள்ல பிலடெல்பியாவுல ஜேம்ஸ் போசார்டு 5000 கல்யாண லைசென்ஸ எடுத்துப் பாத்தாரு, மூணுல ஒரு ஜோடி அஞ்சு தெருவுக்குள்ள குடியிருந்தவங்க. காதல் எங்கயோ தூரத்துல காத்திட்டிருக்கும்னு சொல்லிச் சொல்லி வளக்குறாங்க, அது பெரும்பாலும் தினம் போற வழியிலதான் நின்னுட்டிருந்திருக்கு.

கடைக்காரப் பொண்ணு காப்பிய நீட்டினா. இவர் வாங்கி நேரா என் கைல குடுத்தாரு, சூடா இருக்கு பிடின்னு.

வெள்ளி, லாட்ஜ்

இன்னிக்கு சண்ட. ராத்திரி எட்டு மணி வரைக்கும் போன்லயே இருந்தாரு, கம்பெனி, பார்ட்டி, திரும்ப கம்பெனி. ரூம்ல ஒரு ஜன்னல், அதத் திறந்தா பக்கத்து பில்டிங் சுவரு. அந்த சுவரையே பாத்துட்டிருந்தேன், அப்புறம் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னேன், அவரும் சொன்னாரு. இடம் எதுவா இருந்தாலும் தானா ஒண்ணும் நடந்துடாது, இத எழுதாம விட்டா நான் எழுதின மத்ததெல்லாம் பாதி பொய்யாயிடும்.

கோவம் இறங்கினப்புறம் துணி துவைச்சோம். நாளைக்கு போட சட்ட இல்ல. பக்கெட்ல ஒருத்தர் அலச, ஒருத்தர் பிழிய, ரூமுக்குள்ள கயிறு கட்டி காயப்போட்டோம், ஈர பேண்ட் பெருசு, ஆளுக்கொரு முனைய பிடிச்சு எதிர் எதிர் பக்கமா முறுக்கினோம். முறுக்க முறுக்க சிரிப்பு வந்துடுச்சு.

1974-ல டட்டன், ஆரன்னு ரெண்டு பேரு கனடாவுல கேபிலானோ தொங்கு பாலத்துல ஒரு சோதனை பண்ணாங்க, 70 மீட்டர் உயரத்துல ஆடுற பாலம். அங்க ஒரு பொண்ணப் பாத்து பேசின ஆம்பளைங்க, தாழ்வான கெட்டிப் பாலத்துல பாத்தவங்கள விட அதிகமா அவளுக்கு அப்புறம் போன் பண்ணாங்க. பயத்துல அடிச்ச நெஞ்ச ஆசைன்னு எடுத்துக்கிட்டாங்கன்னு விளக்கம். டூர் போனாதான் காதல் வரும்னு சொல்றவங்களுக்கு இது பிடிக்கும். ஆனா அதே ஆர்தர் ஆரன் 2000-ல இன்னொண்ணு பண்ணாரு, ஜோடியோட கையையும் காலையும் வெல்க்ரோ பட்டையால சேத்துக் கட்டி, ஒரு ரூம்ல மெத்தை விரிச்சு, நடுவுல ஒரு தலகாணிய கீழ விடாம உடம்பாலயே பிடிச்சிட்டு தவழ்ந்து போகச் சொன்னாரு. ஏழு நிமிஷம்தான். அத பண்ணின ஜோடிங்க, மெதுவா பந்து உருட்டின ஜோடிங்கள விட, தங்களோட உறவு நல்லா இருக்குன்னு சொன்னாங்க. மலையும் பாலமும் இல்லாத ஒரு சாதாரண ரூமு. ரெண்டு பேரும் சேந்து பழக்கமில்லாத எதையோ பண்ணணும், அதுதான் வேலை செஞ்சிருக்கு. ஈர பேண்ட் முறுக்குறதும் அதுல சேரும்னு நான் அடிச்சு சொல்வேன்.

சனி, பழைய இரும்பு யார்டு

கடைசி இடம். இங்க இருக்கிற மேடை கரண்டே இல்லாத பழைய வகை, அடியில குழிக்குள்ள நெம்புகோல் மேல நெம்புகோலா அடுக்கி, ரூம்ல ஒரு நீளத் தண்டு, அதுல குண்ட நகத்தி எடை பாக்கணும். சணல் மாதிரி ஒரு நார்ச்செடிய வண்டி வண்டியா எடை போடணும்னு அமெரிக்காவுல தேடியஸ் ஃபேர்பேங்க்ஸ் ஒரு மேடை செஞ்சு 1831-ல பேட்டன்ட் வாங்கினாரு, அதோட வம்சந்தான் இது. இதுல ஸ்கிரீன் இல்ல, நான் கத்துறதுக்கு நம்பர் இல்ல. தண்டு மேல கீழ ஆடி நடுவுல வந்து நிக்கிற வரைக்கும் பொறுக்கணும். குழிக்குள்ள இறங்கி கத்தி முனை மாதிரி இருக்கிற தாங்கு இடங்கள துடைச்சு பாத்தாரு, நான் மேல இருந்து டார்ச் அடிச்சேன். முதுகு தெரிஞ்சுது, சட்டையில நேத்து சரியா போகாத சேறு ஒரு கோடா இருந்துச்சு. இந்த முதுகுதான் எத்தனையோ குழில இறங்கி எங்க வீட்ட நடத்தியிருக்குன்னு தோணுச்சு, கண்ணு கலங்கிடுச்சு, டார்ச்ச ஆட்டாம பிடிச்சேன்.

யார்டு ஓனர் இத எடுத்துட்டு எலக்ட்ரானிக் போடப்போறாராம். ஒரு வருஷம் தாங்கும்னு இவர் எழுதிக் குடுத்தாரு.

சாயந்திரம் ஊர் திரும்புற பஸ்ஸுல ரெண்டு சீட் பக்கத்து பக்கத்துல கிடைச்சுது. அடுத்த ரவுண்டு உப்பளம் பக்கமாம், உப்புக் காத்துல ஜங்ஷன் பாக்ஸ் சீக்கிரம் துருப்பிடிச்சுடும், நிறைய கழட்டி மாட்டுற வேலை இருக்கும்னாரு. நானும் வரேன்னேன். புது செருப்பு போட்டுட்டு வந்துடாத, உப்பு அரிச்சுடும், பழசு ஒண்ணு எடுத்து வைன்னாரு.